காப்பி வடிதாளும் விதுராக்காரியும்

அன்புள்ள மகனுக்கு என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியை உன் அம்மாவிடம் நான் காட்டவில்லை. "அப்பா, ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். அதுக்கு முன்னாடி அம்மாவ வச்சு ஒரு பார்ட் டூ எடுக்கணும். பழைய வீடியோவுக்கு இப்பவும் ஆளுங்க கேக்காங்க. அம்மா ஏன் போன எடுக்க மாட்டேங்கா? பிடிவாதம் பிடிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். நீ அயர்லாந்துக்குப் போவது பிடிக்காமல்தான் அவள் ஒன்றரை மாதமாகப் போனை எடுக்கவில்லை என்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் என்னிடம் வருத்தப்பட்டாள். காரணம் அது இல்லை. காரணம் என்ன என்பதை எழுதுகிறேன். கழக்கூட்டத்து சிக்னலில் வண்டி நிற்கும்போது பாதியும், லிஃப்டில் மீதியுமாகப் படிக்காமல், ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. அடுத்த மாதம் இதை நம் தமிழ்ச் சங்க மலரிலும் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கு முன்னால் முதலில் வைத்தவன் நீ. ஆனால் உன்னைப் போல இல்லாமல் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, எம் பேரு மட்டும் வரப்பிடாது" என்றாள். வரவில்லை, பார்த்துக்கொள்.

எல்லாம் உன் காப்பி மெஷினில் தொடங்கியது. இரண்டு வருஷம் முன்பு என் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதல் என்று வந்ததும், நீ எங்கேயோ படித்துவிட்டு, டிகாக்ஷன் காப்பி ஆகாது, காகிதத்தில் வடித்தால்தான் கொழுப்பு ஏறாது என்று ஒரு மெஷினையும், ஓரத்தில் சுருக்கு வைத்த வெள்ளைக் காகிதங்கள் ஐந்து பாக்கெட்டும் வாங்கி வந்து நம் கரமனை வீட்டில் இறக்கினாய். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. நீ கிளம்பிய மறுநாள் அம்மா அதில் ஒரு கப் போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காப்பியா? காப்பிப் பாத்திரம் கழுவுன வெள்ளம்லா" என்றாள். ஒரு வாரத்தில் மெஷின் பரண் ஏறிவிட்டது. பித்தளை ஃபில்டர் பழையபடி அடுப்படிக்கு வந்தது. நீ போனில் கேட்டபோதெல்லாம், "அதுலதான் குடிக்கோம் மக்கா, நல்லா இருக்கு" என்று அம்மா சொன்னாள், நானும் பின்னால் நின்று ஆமாம் போட்டேன். மனசு நோகக் கூடாது என்று நம் வீட்டில் சொன்ன பொய்களில் அது முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. இந்தக் கடிதமே அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

மெஷின் போனாலும் காகிதம் இருந்தது. உன் அம்மா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். முதலில் வடைக்குக் கீழே விரித்தாள். அதற்கு முன் செய்தித்தாளில்தான் வடையைப் போடுவாள், வடையின் முதுகில் தலைப்புச் செய்தி படிக்கலாம். இந்தக் காகிதம் எண்ணெயையும் குடித்தது, மையும் ஒட்டவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு, "காப்பிக்கு வாங்கிக் கொடுத்தா வடைக்கு வைக்கிற, நல்ல குடும்பம்" என்று நக்கலடித்தேன். பிறகு ஒருநாள் அப்பளம் பொரித்த எண்ணெயை அதில் வடிகட்டப் பார்த்தாள், காகிதம் மடங்கி உள்ளே விழுந்து அடுப்படியெல்லாம் எண்ணெய். முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் வடிதாள் மடித்த கை இது, சும்மா இருக்குமா? சுருக்கை நீவித் தட்டையாக்கி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, ஒரு பக்கம் மூன்று மடிப்பும் மறுபக்கம் ஒன்றுமாகப் பிரித்தால் கூம்பாக நிற்கும், அதைப் புனலில் வைத்து இரண்டு சொட்டு எண்ணெயால் ஒட்ட வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் வராதது. அதை அவளிடம் நான் சொல்லியிருக்கலாம். "ம், சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனேன்.

அதற்குப் பிறகு தினம் ஒன்று கண்டுபிடித்தாள். பூந்தொட்டியின் அடித்துளை மேல் ஒன்றைப் போட்டு மண் நிரப்பினால், தண்ணீர் மட்டும் இறங்கும், மண் போகாது. கறிவேப்பிலையைக் கழுவி அதில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாளானாலும் கறுக்காது. நனைத்துப் பிழிந்த காகிதத்தில் பாசிப்பயறைப் பரப்பி மூடினால் மறுநாள் முளைத்திருக்கும். கண்ணாடித் தட்டுகளுக்கு இடையில் ஒவ்வொன்று, கீறல் விழாது. என் மூக்குக் கண்ணாடிக்கும் டிவிக்கும் அதுதான் துணி, பஞ்சு ஒட்டாது. கிராம்பையும் பச்சைக் கற்பூரத்தையும் பொட்டலமாகக் கட்டி அலமாரியில் வைத்தாள், ஜூன் மாத இடவப்பாதி மழையில் இந்த ஊரில் எந்த வீட்டுத் துணியில் பூஞ்சை வாடை இல்லை? நம் வீட்டில் மட்டும் இல்லை. சுக்கும் மிளகும் தனியாவும் இடித்து, காகிதத்தில் அளவாகப் போட்டு நூலால் கட்டி, டீ பேக் போலச் செய்து டப்பாவில் போட்டு வைத்தாள். ஒவ்வொன்றும் செய்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஏதாவது சொல்வேனா என்று பார்ப்பதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆண்கள் பெண்டாட்டியைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அப்படிப் புகழ்ந்தால் ஏதோ குறைந்துபோவோம் என்று நினைத்து வளர்ந்த முட்டாள்களில் நானும் ஒருவன்.

நீ புகழ்ந்தாய். அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பரணில் மெஷினைப் பார்த்துச் சிரித்து, காகிதத்தை வைத்து அவள் செய்யும் வேலைகளைப் பார்த்து, "அம்மா, இது அடிபொளி ஆயிட்டுண்டு! ஒரு வீடியோ எடுக்கலாம், சும்மா செஞ்சு காட்டு" என்றாய். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டாள். நான் அங்கேதான் இருந்தேன், என் காதால் கேட்டேன். "ஏல மக்கா, மூஞ்சி வரப்பிடாது கேட்டியா. கை மட்டும் எடு. நான் ஆக்குத சேலையில நிக்கேன்." நீயும், "இல்லம்மா, கை மாத்ரம்தான்" என்றாய். இரண்டு மணி நேரம் எடுத்தாய். அவளும் திருநெல்வேலித் தமிழும் இந்த ஊர் மலையாளமும் கலந்து, எண்ணெய் வடிப்பதிலிருந்து சுக்குப் பொட்டலம் வரை வாயோயாமல் சொன்னாள். உன் தட்டில் வடை வைத்தபோதும் அந்தக் காகிதத்தில்தான் வைத்தாள்.

நாலாம் நாள் நீ இணைப்பை அனுப்பினாய். அம்மா மத்தியானப் பாத்திரம் ஒதுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் காட்சியிலேயே அவள் முகம். வேர்த்து, முடி கலைந்து, வாய் பாதி திறந்து நின்ற முகம். அவள் ஒவ்வொரு காகிதம் எடுக்கும்போதும் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம். "சிரிப்பு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "வீடியோன்னா அப்படித்தான் போடுவாங்க, சந்தோஷத்துக்கு" என்றேன். "மூஞ்சி வந்துட்டே" என்றாள். பிறகு, கீழே மலையாளத்தில் எழுத்து ஓடுகிறதே, ஆளுகள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். அவள் அம்பாசமுத்திரத்தில் தமிழில் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகியும் மலையாளம் பேசுவாளே தவிர எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் இந்த ஊர்க்காரன். படித்தேன். மனசுக்குள் படித்தேன். வீட்டில் துடைக்கத் துணி இல்லையா என்று ஒருவன். இந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலே நிலைமை தெரிகிறது என்று ஒருத்தி. அவள் பேச்சை அப்படியே எழுதிக் கேலி செய்து பத்துப் பேர். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தபடியே, "விதுராவிலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. சுக்குப் பொட்டலம் ரொம்ப உபகாரமா இருக்காம். இவ்வளவு நாள் இது தோணலையேன்னு இருக்காம்" என்றேன்.

இப்படித்தான் விதுராக்காரி நம் வீட்டுக்குள் வந்தாள். நான் ஒருநாளோடு முடிந்துபோகும் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானமும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "விதுராக்காரி ஏதாவது எழுதிருக்காளா?" எழுதியிருந்தாள். தினமும் எழுதினாள். மலைப்பக்கம், ஈரம் கூடுதல், முறுக்கு நமுத்துப் போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். டப்பாவின் அடியில் இரண்டு காகிதம், நடுவில் அரிசி போட்டுக் கட்டின பொட்டலம் ஒன்று என்று அம்மா பதில் சொன்னாள், நான் எழுதுவதுபோல் விரலை ஆட்டினேன். மூன்று நாள் கழித்து, முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறது, உங்கள் கைக்கும் புத்திக்கும் கும்பிட வேண்டும், உங்களைக் கட்டினவர் கொடுத்துவைத்தவர் என்று விதுராக்காரி எழுதினாள். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. மகனே, அந்தப் பொய்யை அவள் மனசு நோகாமல் இருக்கத்தான் தொடங்கினேன். ஆனால் பிறகு சொன்னதெல்லாம் பொய் இல்லை. நான் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். என் பெயரில் சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் சொன்னேன். எழுபதை நெருங்கும் ஒருவன் இதைவிடக் கேவலமாக வேறு எப்படி இருக்க முடியும், நீயே சொல்.

ஒன்றரை மாதம் முன்பு நான் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க ட்ரஷரிக்குப் போயிருந்தேன். அன்றைக்கு எதிர்வீட்டு ஷீலா டீச்சர் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள். விதுராவில் அவளுடைய நாத்தனார் வீட்டில் கல்யாணம். இதைக் கேட்டதும் அம்மா உள்ளே ஓடி, ஐம்பது சுக்குப் பொட்டலம் போட்ட டப்பாவை எடுத்து வந்து, அங்கே எனக்கு வேண்டப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள், பெயர் தெரியாது, போனில் பார்த்தால் தெரியும், அவளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் பாவம், வீடியோவைத் திறந்து மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதில் விதுராக்காரி ஆரும் இல்லல்லோ" என்றாளாம். அப்படியானால் இருப்பதைப் படி என்று அம்மா சொல்லியிருக்கிறாள். டீச்சர் தயங்கியிருக்கிறாள், அம்மா விடவில்லை. கீழேயிருந்து மேலே ஒன்றொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஓர் இடம் வந்ததும், அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தி, "இதுக்கு மோன் பதில் எழுதிட்டுண்டு. அது மோன்கிட்ட சோதிச்சா மதி", மகனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, போனை மூடிக்கொண்டு போய்விட்டாளாம். நான் வீட்டுக்கு வந்தபோது அந்த டப்பா மேஜை மேல் அப்படியே இருந்தது.

டீச்சர் எந்த இடத்தில் நிறுத்தினாள் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆளுகள் எழுதினது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற அந்த ஒன்று. அது தானாக மேலே வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீடியோவின் சொந்தக்காரனே எடுத்து மேலே பின் குத்தி வைத்தால்தான் அப்படி நிற்கும் என்று டீச்சர் மறுநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். இந்த அம்மாவுக்குப் பைத்தியம்தான் என்று ஒருவன் எழுதி, அதற்கு முன்னால், தமிழர்களை இளக்காரமாகச் சொல்ல இந்த ஊரில் புழங்கும் அந்தச் சொல்லையும் சேர்த்திருக்கிறான். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருவன் உன்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டு, வகுப்பே சிரித்து, நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அழுதுகொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? நான் "இதெல்லாம் சகஜம், பெரிதுபடுத்தாதே" என்றேன். மறுநாள் அம்மா யாரிடமும் சொல்லாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஹெட்மாஸ்டர் மேஜைக்கு முன்னால் நின்று, வந்த மலையாளத்தை வைத்துச் சண்டை போட்டாள். அவள் பேசின மலையாளத்தைக் கேட்டு அங்கே நின்ற இரண்டு டீச்சர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை உன் காதில் யாரும் போடவில்லை. அப்படிப்பட்டவளை அதே சொல்லால் ஒருவன் ஏசினதற்குக் கீழே, அவளுடைய மகன், மூன்று சிரிப்புப் பொம்மை போட்டு, "ஒரு வாரம் கூடெ தாமசிச்சு நோக்கு ப்ரோ, அப்போ அறியாம்" என்று எழுதுகிறான். ஒரு வாரம் அவளோடு இருந்து பார், அப்போது தெரியும் என்கிறான். இருபத்தாறு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் எழுதுகிறான்.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தட்டில் சோறு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, "அப்பம் முறுக்கு நல்லாருக்குன்னு சொன்னது ஆரு?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். "ஆருமே இல்லயா?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அன்றிலிருந்து மத்தியானம் அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. மிச்சமிருந்த காகிதத்தை எல்லாம் கட்டிப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டாள். வடை செய்வதும் இல்லை. வாராவாரம் உன்னை வரச் சொன்னேன், ஹைவேயில் பிளாக், ஆபீசில் ரிலீஸ், பேக்கிங் என்று நீ சொன்னாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். என் பொய்யும் வெளியே வருமே என்று பயந்தேன். உன்னை இவ்வளவு திட்டுகிறவனின் யோக்கியதை இதுதான் என்று தெரிந்துகொள்.

ஊர் மாறிப் போகிற மகனுக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவான். எனக்கு அந்த அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் வீட்டுப் பெண் ஒன்றைச் செய்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தால், அப்போதே, உன் வாயால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு. வேறு ஒருத்தி வந்து சொல்வாள் என்று விட்டுவிடாதே. கை மட்டும் என்று சொன்னால் கை மட்டும்தான். அம்மா என்றால் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் இரண்டு பேருமே நினைத்துவிட்டோம், நீ முகத்தை எடுத்தாய், நான் அவள் நம்பிக்கையை எடுத்தேன். இதைப் படித்து முடித்ததும் வீடியோவை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று உனக்குத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. அழித்துவிட்டால், அதில் ஒன்றுமில்லையம்மா என்று நீ சொல்வாய், நானும் பழையபடி பின்னால் நின்று ஆமாம் போடுவேன்.

அம்மா அழிக்கச் சொல்லவில்லை. உன்னைக் கோபிக்கவும் இல்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அவன் நேர்ல வந்து, எனக்கு முன்னால இருந்து, அவன் எழுதுனத அவன் வாயால படிச்சுக் காட்டட்டும். போன்ல கேட்டா சிரிச்சு மழுப்பிருவான்" என்கிறாள். அதனால்தான் போனை எடுக்கவில்லை. நான் படித்துக் காட்டட்டுமா என்று ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "நீங்க படிச்சது போதும்" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் வா, நீ மட்டும் வா. நீ படிக்கும்போது நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நீ முடித்ததும் முறுக்கைப் பற்றியும் சுக்கைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது, என் பெயரில்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வா. நீ என்ன எழுதியிருப்பாய் என்று அவளுக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது. நேற்றுக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அந்தத் தெண்டி அப்படி எழுதுனதுக்கு எம் பிள்ள சும்மா இருந்திருப்பானா? நல்லா ஏசித்தான் எழுதிருப்பான். கெட்ட வார்த்தையா இருக்கும், அதான் டீச்சருக்குப் படிக்க வெக்கம்."